கடலடியில் நான்கு நாள் வெடித்த கடுகு

(தொலைக்காட்சிக் கருத்துக்களத்தில் ஆற்றிய உரையின் விரிவான எழுத்து வடிவம்)



'நிலநடுக்கமும் நாமும்' என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நிமிடம். அந்த நேரத்தில் பூமியின் கதையைச் சொல்லி முடிக்க முடியாது. அதனால் 2005-ஆம் ஆண்டு ஜனவரி கடைசி வாரத்தில் நடந்த ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். அரங்கில் இருந்த பலர் அதைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். ஆனால் அது நடந்தது பினாங்கிலிருந்து வடமேற்கே ஏறக்குறைய 750 கிலோமீட்டர் தூரத்தில். நம்முடைய தாத்தா பாட்டிமார் கப்பலேறிக் கடந்து வந்த அதே கடலில். அங்கே பேசியதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து எழுதுகிறேன்.

இதை நான் தேர்ந்தெடுத்ததற்குச் சொந்தக் காரணமும் ஒன்று உண்டு. அந்த ஜனவரியில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்ட கேள்விக்கு நான் தப்பான பதில் சொல்லிவிட்டேன்.

இரண்டு சுங்கை பினாங்

நான் குடியிருப்பது ஜோர்ஜ்டவுன் சுங்கை பினாங் வட்டாரத்தில், ஓர் அடுக்குமாடி வீட்டில். பினாங்குத் தீவில் சுங்கை பினாங் இரண்டு இருப்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆயர் ஈத்தாம் பக்கமிருந்தும் தண்ணீர்மலைப் பக்கமிருந்தும் வரும் ஆறுகள் ஒன்றுகூடி, நகரத்தின் கிழக்கே கடலில் விழும் ஆறு எங்களுடையது. மற்றது தீவின் மேற்கே, பாலிக் புலாவ் வட்டாரத்தில் கடலோரமாக இருக்கும் மீனவர் ஊர்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் ஈப்போவிலிருந்து என் தங்கை தொலைபேசியில் அழைத்தாள். "அண்ணே, சுங்கை பினாங்குக்குள்ளே கடல் ஏறிடுச்சாமே, பிள்ளைங்க எல்லாம் எங்கே?" என்று அழுதாள். கடல் ஏறியது அந்தச் சுங்கை பினாங்கில். எங்கள் ஆற்றங்கரை மக்கள் அந்த நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம்.

அலை வந்த திசை அப்படி. சுமத்திராவின் வடமுனையைச் சுற்றிக்கொண்டு வடமேற்கிலிருந்து வந்ததால், தீவின் வடக்குக் கரையும் மேற்குக் கரையும் முதல் அடியை வாங்கின. பத்து பெரிங்கி, தஞ்சோங் பூங்கா, தஞ்சோங் தோக்கோங், பாலிக் புலாவ் பாசிர் பாஞ்சாங் ஆகிய இடங்களில் ஞாயிற்றுக்கிழமை என்று குடும்பத்தோடு குளிக்கப் போனவர்கள் இருந்தார்கள். மலேசியாவில் இறந்த 68 பேரில் 52 பேர் பினாங்கைச் சேர்ந்த கரைகளில் இறந்தவர்கள். பெருநிலத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும் எங்கள் கிழக்குப் பக்கத்தைத் தீவே மறைத்து நின்றது.

இதில் என் மனத்தை இன்றுவரை அறுப்பது நேரக் கணக்கு. கடலடி பிளக்கத் தொடங்கியது நம் நேரப்படி காலை 8.58-க்கு. 9.1 புள்ளி அளவுள்ள நிலநடுக்கம். எங்கள் மாடியில் தொங்குவிளக்கு ஆடியது, மீன்தொட்டியில் தண்ணீர் தளும்பியது. எல்லாரும் வெளியே வந்து ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம்; பிறகு பசியாறப் போய்விட்டோம். பினாங்குக் கரைக்கு அலை வந்து சேர்ந்தது பகல் ஒரு மணிக்குப் பிறகு. நான்கு மணி நேரம் கையில் இருந்தது.

நாகப்பட்டினம் நம்மைவிட எவ்வளவோ தூரம். நிக்கோபாரிலிருந்து அளந்தாலும் 1,400 கிலோமீட்டருக்குக் குறையாது. ஆனால் அங்கே இரண்டரை மணி நேரத்துக்குள் அலை போய்விட்டது. தூரத்து ஊருக்கு முதலில், பக்கத்து ஊருக்குப் பிறகு. காரணம் கடலின் ஆழம். 4,000 மீட்டர் ஆழமுள்ள வங்கக் கடலில் சுனாமி மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும், விமானத்தின் வேகம். மலாக்கா நீரிணையின் வாசல் ஆழம் குறைந்தது. 50 மீட்டர் ஆழத்தில் அதே அலை மணிக்கு 80 கிலோமீட்டர்தான் போகும். நெடுஞ்சாலையில் வந்த லாரி கம்பத்துச் சாலைக்குள் நுழைந்த மாதிரி. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் அதிகமானவர்கள் போனார்கள். இந்தக் கரையில் பிறந்து அந்தக் கரையில் சொந்தம் உள்ளவர்களுக்கு அன்று இரண்டு பக்கமும் இழவு.

தைப்பூசத்துக்குப் பிறகு

ஒரு மாதம் ஓடியது. 2005-இல் தைப்பூசம் ஜனவரி 25-ஆம் தேதி வந்தது. அந்த வருடம் தண்ணீர்மலைக்கு நடந்தவர்களில் கடலுக்காக வேண்டிக்கொண்டவர்கள் எத்தனை பேரோ. பூசம் முடிந்து இரண்டாம் நாள், 27-ஆம் தேதி, அந்தமான் கடலுக்கு அடியில் அது ஆரம்பித்தது.

நிக்கோபார்த் தீவுகளுக்குக் கிழக்கே கடலடியில் 5 புள்ளி நிலநடுக்கம் ஒன்று. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. பிறகு மற்றொன்று. 30-ஆம் தேதி வரை நான்கே நாட்களில் 5 புள்ளியும் அதற்கு மேலும் அளவுள்ளவை மட்டுமே 150-க்கும் அதிகம். சராசரி போட்டால் நாற்பது நிமிடத்துக்கு ஒன்று என்று வருகிறது. சிறியவை கணக்கில்லை. அவற்றில் மிகப் பெரியது 5.9 புள்ளி. உலகம் முழுவதும் நிலநடுக்கங்களைக் கணக்கெடுக்கும் அமெரிக்க நிலவியல் ஆய்வகத்தின் பட்டியல், ஒரே இடத்துப் பெயராக நிரம்பியது. கருவிகளில் பதிவான இத்தகைய நிகழ்ச்சிகளில் இவ்வளவு வீரியமானதை அதற்கு முன் கண்டதில்லை என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள்.

இது நடந்த இடத்துக்குப் பக்கத்தில் யார் இருந்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். நிக்கோபார் மக்கள். டிசம்பரில் ஊரே போய், பாதி நிலம் கடலுக்குள் இறங்கி, தார்ப்பாய்க் கொட்டகைகளில் கிடந்தவர்கள். இந்தியாவின் தென்கோடியான இந்திராமுனையில் தரை நான்கு மீட்டருக்கு மேல் தாழ்ந்துபோய், கலங்கரை விளக்கம் தண்ணீருக்குள் நின்றது. கச்சால் தீவில் ரப்பர்த் தோட்டம் ஒன்று உண்டு. 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கை மலையகத்திலிருந்து அனுப்பப்பட்ட தமிழர்களில் சில குடும்பங்களை அங்கேதான் குடியேற்றினார்கள். தேயிலைக் காட்டிலிருந்து கிளப்பி, கடல் நடுவே ரப்பர்க் காட்டில் இறக்கிவிட்ட சனம். டிசம்பரில் மிகக் கடுமையாக அடிபட்ட தீவுகளில் கச்சாலும் ஒன்று. அப்படிப்பட்ட தீவுகளுக்குப் பக்கத்தில்தான் தரை இரவும் பகலும் மறுபடி அதிர்ந்தது.

பினாங்கில் நமக்கு அது செய்தித்தாளில் நாலு வரி. அந்த நாலு வரியைப் படித்துவிட்டு, எங்கள் குடியிருப்பின் கீழே உள்ள சாப்பாட்டுக் கடையில் ஒரு தாத்தா என்னைக் கூப்பிட்டார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "என்ன வாத்தியாரே, கடல் இன்னும் அடங்கலையாமே? நூறு தடவைக்கு மேல ஆடியிருக்குன்னு போட்டிருக்கான். இன்னொரு அலை வருமா?" என்று கேட்டார்.

நான் புவியியல் ஆசிரியன். விடுவேனா? "அது ஒண்ணுமில்லை தாத்தா, பெரிய நடுக்கம் வந்தா பின்னாலே சின்னச் சின்ன அதிர்வு வரத்தான் செய்யும். பின்னதிர்வுன்னு பேரு. போகப் போகக் குறைஞ்சிடும்" என்று சொன்னேன். அவரும் தலையாட்டினார். அலை வராது என்று நான் சொன்னது சரி. மற்றதெல்லாம் தப்பு.

மணியும் கடுகும்

பின்னதிர்வுக்கு ஓர் ஒழுங்கு உண்டு. ஜப்பானில் 1891-ஆம் ஆண்டு நோபி சமவெளியில் பெரிய நிலநடுக்கம் வந்தது. அதற்குப் பிறகு வந்த அதிர்வுகளை உட்கார்ந்து எண்ணியவர் ஒமோரி ஃபுசாகிச்சி என்ற அறிஞர். முதல் நாள் இத்தனை, பத்தாம் நாள் இத்தனை, நூறாம் நாள் இத்தனை என்று எண்ணி, அவை எந்தக் கணக்கில் குறைகின்றன என்று 1894-இல் வெளியிட்டார். நூறாண்டு கடந்தும் அந்தக் கணக்கு நிற்கிறது. கோயில் மணியை ஓங்கி ஒருமுறை அடித்தால் ரீங்காரம் சன்னமாகித் தேய்கிறதல்லவா, அதுபோல. பின்னதிர்வுகளில் பெரியதும் மூல நடுக்கத்தைவிட ஒரு புள்ளிக்கு மேல் சிறியதாக இருப்பதே வழக்கம்.

ஜனவரியில் நடந்ததில் மணியடி எது? தேடினால் கிடைக்காது. தொடக்கத்தில் பெரியது ஒன்று வந்து பிறகு தேய்ந்ததாக இல்லை. எல்லாம் ஏறக்குறைய ஒரே உயரம். வாணலியில் எண்ணெய் காய்ந்ததும் கடுகு வெடிக்கிறதே, அதுபோல. எந்தக் கடுகு தலைவன், எந்தக் கடுகு தொண்டன் என்று சொல்ல முடியுமா? முதலில் ஒன்றிரண்டு, பிறகு படபடவென்று, பிறகு ஓய்ந்துவிடும். அடியில் சூடு இருக்கிறது என்பதுதான் சேதி.

இதை ஆங்கிலேயர்கள் தேனீக் கூட்டத்துக்குச் சொல்லும் பெயரால் அழைக்கிறார்கள். நாம் நிலநடுக்கத் திரள் என்று சொல்லலாம். உலகில் இது புதிதல்ல. ஜப்பானின் மட்சுஷிரோ ஊரில் 1965-இல் தொடங்கிய திரள் இரண்டு வருடத்துக்கு மேல் நீடித்தது. கருவியில் பதிவானவை 7 லட்சத்துக்கு மேல். மனிதர்கள் உடம்பில் உணர்ந்தவையே 60 ஆயிரத்துக்கு மேல். அந்த ஊர் மக்கள் எப்படித் தூங்கினார்களோ! ஆழத்திலிருந்து மேலேறிய தண்ணீர்தான் பாறையை நெகிழ்த்தியது என்று பிறகு கண்டார்கள். 2025 தொடக்கத்தில் கிரேக்க நாட்டுச் சந்தோரினித் தீவருகே ஆயிரக்கணக்கான அதிர்வுகள் வந்து, மக்கள் படகிலும் விமானத்திலும் தீவைவிட்டு வெளியேறியதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். அதுவும் திரள்தான்.

சரி, அந்தமான் கடலுக்கு அடியில் என்ன சூடு?

டிசம்பர் நடுக்கம் நடந்த இடமும் ஜனவரித் திரள் நடந்த இடமும் வேறு வேறு. தீவுகளுக்கு மேற்கே ஆழமான அகழி ஒன்று ஓடுகிறது. அங்கே இந்தியத் தட்டு, பர்மா குறுந்தட்டு என்று சொல்லப்படும் ஒல்லியான தட்டுக்கு அடியில் சாய்வாக நுழைகிறது. அது இடிபடும் பக்கம். டிசம்பரில் அறுந்தது அங்கேதான், 1,200 கிலோமீட்டருக்கு மேல் நீளமாக. தீவுகளுக்குக் கிழக்கே கதை தலைகீழ். அங்கே கடலடி விரிகிறது. இந்தியத் தட்டு சாய்வாக இழுத்துக்கொண்டு போவதால், இந்த ஒல்லித் தட்டு நாமிருக்கும் பெரிய தட்டைவிட்டு விலகிக்கொண்டே போகிறது. விலகும் இடைவெளியில் கீழிருந்து பாறைக் குழம்பு ஏறி, உறைந்து, புதுத் தரையாகிறது. அந்தமான் கடலின் நடுப்பகுதி இப்படி விரியத் தொடங்கி ஏறக்குறைய 40 லட்சம் வருடம் ஆகிறது. ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் விரியும். விரிகிற இடம் நேர்க்கோடாக இல்லை. துண்டுதுண்டாக, படிக்கட்டு மாதிரி விலகி, பக்கவாட்டில் உரசும் பிளவுகளால் இணைக்கப்பட்டுக் கடைசியில் சுமத்திராவின் நீண்ட பிளவோடு போய்ச் சேருகிறது. நிக்கோபாருக்குக் கிழக்கே கடுகு வெடித்தது இந்தப் படிக்கட்டில்தான்.

டிசம்பரில் ஒல்லித் தட்டு சில நிமிடங்களுக்குள் மேற்கு நோக்கி வெடுக்கென்று பல மீட்டர் பாய்ந்தது. அந்த இழுப்பு எவ்வளவு தூரம் தெரிந்தது என்பதற்கு நம் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. செயற்கைக்கோள் வழியாக அளந்தபோது தாய்லாந்தின் பூக்கெட் 27 சென்டிமீட்டரும், நம்முடைய லங்காவி 17 சென்டிமீட்டரும் மேற்கே நகர்ந்திருந்தன. பினாங்கும் சில சென்டிமீட்டர் போனது. நம் நில அளவை இலாகா நாட்டின் அளவைப் புள்ளிகளைத் திருத்த வேண்டியதாயிற்று. வீட்டு வாடகை ஏறியது தெரிந்த நமக்கு, வீடே நகர்ந்தது தெரியவில்லை!

அப்படி மேற்கே பாய்ந்ததில், கிழக்கே இறுக்கமாக இருந்த பிளவுகளின் பிடி தளர்ந்தது. முதலில் பக்கவாட்டு உரசல், பிறகு இழுத்துப் பிரிக்கும் அசைவு என்று அந்த அதிர்வுகளின் முத்திரை இருந்தது. ஒன்றை ஒன்று முட்டித் தூக்கிய டிசம்பர் அசைவின் முத்திரை அதில் இல்லை. அடியிலிருந்த குழம்பு, திறந்த வெடிப்புகளுக்குள் புகுந்து மேலேறியது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் முடிவு. ஆக டிசம்பர் நடுக்கம் அதைத் தூண்டியது உண்மை. ஆனால் அது பின்னதிர்வு இல்லை. வேறொரு எல்லையில், வேறொரு வேலையாக நடந்தது. டிசம்பர் தூண்டாமலும் அங்கே திரள் வருவதுண்டு. 1984 ஜூலையில் ஏறக்குறைய அதே பகுதியில் ஒன்று வந்திருக்கிறது.

தாத்தா கேட்ட இரண்டாவது கேள்விக்கு, அலை வருமா என்பதற்கு, நான் காரணம் தெரியாமல் சரியான பதில் சொன்னேன். காரணம் இதுதான். ரிக்டர் என்று நாம் பழக்கத்தில் சொல்லும் அளவில் ஒரு புள்ளி கூடினால் சக்தி ஏறக்குறைய 32 மடங்கு கூடும். 5.9-க்கும் 9.1-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 60 ஆயிரம் மடங்குக்கு மேல். அந்த 150 அதிர்வுகளும் 5.9 என்றே வைத்துக்கொண்டு மொத்தமாகக் கூட்டினாலும், டிசம்பர் 26-இன் சக்தியில் 400-இல் ஒரு பங்கைத் தொடாது. ஊர் ஊராகக் கடலைத் தள்ளிவிட வேண்டுமானால் கடலடித் தரை பெரும் பரப்பில் மேலும் கீழுமாகத் தூக்கிப்போட வேண்டும். கடுகு வெடித்து அடுப்பு கவிழ்வதில்லை.

மாநக்கவாரம்

இந்த இடத்தில் கொஞ்சம் வரலாற்றுக்குப் போகிறேன். நிலவியல்காரர்கள் மன்னிக்கட்டும்.

இந்தத் தீவுகள் தமிழருக்குப் புதியவை அல்ல. 1025-ஆம் ஆண்டையொட்டி முதலாம் ராஜேந்திர சோழனின் கப்பற்படை கடல் கடந்து வென்ற இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசையாகச் சொல்கிறது. அதில் கடாரம் இருக்கிறது. அது நமக்கு எதிரே உள்ள கெடா. அதில் மாநக்கவாரமும் இருக்கிறது, அது நிக்கோபார். சோழ நாட்டுக் கரையிலிருந்து கடாரத்துக்கு வரும் வழியில் நடுவே நிற்கும் அடையாளக் கல் அது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பூஜாங் பள்ளத்தாக்குக்குத் தெற்கே ஓடும் மூடா ஆற்றின் முகத்துவாரத்தில்தான் கோத்தா கோலா மூடா இருக்கிறது. 2004-இல் கெடாவில் அலை மிக மோசமாக அடித்த ஊர் அதுவே.

ஆயிரம் வருடம் இந்தக் கடலில் போய்வந்திருக்கிறோம். காற்று எப்போது மாறும் என்று தெரியும், எந்த மாதம் கப்பல் எடுக்கக் கூடாது என்று தெரியும். இந்தக் கடலின் அடித்தரை எப்படிப்பட்டது என்ற சேதி மட்டும் நம்மிடம் தங்கவில்லை. தங்கியிருக்கலாம். 1881 டிசம்பர் 31-ஆம் தேதி காலையில் கார் நிக்கோபார் அருகே பெரிய நிலநடுக்கம் ஒன்று வந்தது. பிற்காலக் கணிப்பில் 7.9 புள்ளி. அப்போது வங்கக் கடல் துறைமுகங்களில் வெள்ளைக்காரர்கள் கடல்மட்டம் அளக்கும் கருவிகளை வைத்திருந்தார்கள். நாகப்பட்டினத்திலும் இருந்தது. அந்தக் கருவிகள் சுனாமியைப் பதிவு செய்துவிட்டன. அலை சின்னது, பெரிய சேதமில்லை. இந்திய நிலவியல் துறையின் ஓல்டாம் 1884-இல் ஒரு குறிப்பு எழுதினார். அதோடு காகிதம் கட்டுக்குள் போனது. 2003-இல் மொடெஸ்டோ ஓர்ட்டிஸ், ரோஜர் பில்ஹாம் என்ற இருவர் அந்தப் பழைய பதிவுகளைத் தூசி தட்டி எடுத்துக் கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். அடுத்த வருடமே 2004.

1847-இலும் நிக்கோபாரில் பெரிய நடுக்கம் உண்டு. 1941 ஜூன் 26-இல் அந்தமானில் வந்ததில் போர்ட் பிளேர் சிறைக்கட்டடமே சேதமடைந்தது. ஆனால் அது யுத்த காலம். சில மாதங்களில் ஜப்பான்காரன் வந்துவிட்டான். நிலநடுக்கத்தை யார் நினைவில் வைத்திருந்தார்கள்?

நினைவில் வைத்திருந்த ஊர் ஒன்று உண்டு. சுமத்திராவுக்கு மேற்கே உள்ள சிமலுவே தீவு, டிசம்பர் நடுக்கத்தின் மையத்துக்கு மிக அருகே இருந்தது. 1907-இல் அந்தத் தீவைக் கடல் விழுங்கப் பார்த்தது. பிழைத்தவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்தார்கள். தரை பலமாக ஆடி, கடல் பின்வாங்கினால் குன்றுக்கு ஓடு. சேதி அவ்வளவுதான். 2004-இல் அந்தத் தீவில் 70 ஆயிரம் பேருக்கு மேல் இருந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். அவர்களுக்குக் கிடைத்தது நமக்குக் கிடைத்த நான்கு மணி நேரம் அல்ல, சில நிமிடங்கள்.

நான் தாத்தாவிடம் மறுபடி பேசியது 2006-இல். படித்துத் தெரிந்துகொண்டதை எல்லாம் சொல்லி, "அன்னைக்குச் சொன்னது தப்பு தாத்தா, அது பின்னதிர்வு இல்லை, அங்கே கடலுக்கு அடியிலே தரை விரியுது" என்றேன். அவர் சிரித்தார். அவர் நாகப்பட்டினத்தில் ரஜூலா ஏறிப் பினாங்கில் இறங்கியவர். 1920-களிலிருந்து 1970-களின் தொடக்கம் வரை நம் சனத்தை ஏற்றி இறக்கிய கப்பல் அது. "நக்கவாரம்னு அப்போ எங்களுக்குப் பேரு தெரியாது. ராத்திரி தூரத்திலே கறுப்பா ஒரு மலை தெரிஞ்சுது. பாதி வழி வந்தாச்சுன்னு மேல்தட்டுல படுத்திருந்தவங்க சொன்னாங்க. அதுக்குப் பிறகு அழுகை நின்னுபோச்சு" என்றார். நான் கொண்டுபோன வரைபடத்தில் அந்த இடத்தைக் காட்டச் சொன்னார். காட்டினேன். விரலால் நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்குக் கோடு போட்டார். கோடு ஏறக்குறைய அதன் மேலேயே போனது.

நியாஸ்

திரள் வந்ததால்தான் மார்ச் மாத நடுக்கம் வந்தது என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். கருத்துக்களத்திலும் ஒருவர் சொன்னார். 2005 மார்ச் 28 நள்ளிரவு, நம் கணக்கில் 29-ஆம் தேதி பிறந்து ஒன்பது நிமிடம். சுமத்திராவின் நியாஸ் தீவருகே 8.6 புள்ளி. எங்கள் மாடியே படிக்கட்டில் இறங்கி ஓடியது. கைலியோடு, கைக்குழந்தையோடு, சிலர் சாமிப் படத்தோடு. டிசம்பரில் பசியாறப் போன அதே சனம். நியாஸ் பக்கம் ஆயிரம் பேர் அளவில் இறந்தார்கள். நம் கரைக்கு அலை வரவில்லை.

நியாஸ் இருக்கும் இடம் ஜனவரித் திரளிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் தெற்கே. அதைத் திரள் தூண்டவில்லை. தூண்டியது டிசம்பர் நடுக்கம் பக்கத்துத் துண்டின்மேல் ஏற்றிவிட்ட பாரம். இதை வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் மெக்லாஸ்கியும் அவருடைய சகாக்களும் கணக்குப் போட்டு, அந்தப் பகுதியில் ஆபத்து கூடியிருக்கிறது என்று மார்ச் 17-ஆம் தேதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பதினோராம் நாள் வந்தது. நாளும் நேரமும் அவர்கள் சொல்லவில்லை. அதை யாராலும் சொல்ல முடியாது. இடத்தைச் சொன்னார்கள். கடுகைப் பார்த்து ஊர் பயந்துகொண்டிருந்தபோது, கனத்தைப் பார்த்தவர்கள் சரியான இடத்தைக் காட்டினார்கள்.

பிறகு 2005 மே மாதக் கடைசியில், அந்தமானுக்குக் கிழக்கே உள்ள பாரன் தீவு எரிமலை குமுறியது. இந்தியாவில் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலை அது. டிசம்பர் நடுக்கத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டா என்ற விவாதம் நடந்தது. எனக்கு அதில் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லை.

பிற்பாடு கோவாவில் உள்ள தேசியக் கடலாய்வு நிறுவனத்தார் நிக்கோபார் பக்கம் கடலடியிலேயே நிலநடுக்கமானிகளை இறக்கி வைத்தார்கள். 2014 மார்ச்சில் அங்கே மறுபடி ஒரு திரள் வந்தபோது, தூரத்து நாட்டுக் கருவிகளுக்கு எட்டாத சிறிய அதிர்வுகளையும் அவை பிடித்துக்கொண்டன. கடலடி எரிமலைகளுக்குக் கீழே பாறைக் குழம்பு நகர்வதன் அடையாளம் என்று எழுதினார்கள்.

அரங்கில் கேட்ட கேள்விகள்

செகாமாட்டில் 2025 ஆகஸ்டு 24-ஆம் தேதி காலையில் 4.1 புள்ளி நடுக்கம் வந்து, தொடர்ந்து சிறியவை வந்தனவே, அது திரளா என்று ஓர் இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. தீபகற்பத்தில் தட்டு எல்லை எதுவும் கிடையாது. ஆனால் பழைய பிளவுகள் உண்டு. 2007 நவம்பர் முதல் 2009 வரை பகாங் புக்கிட் திங்கியில் சின்னச் சின்ன அதிர்வுகள் விட்டுவிட்டு வந்தன. சுமத்திரா ஏற்றிய பாரத்தில் நம் பழைய பிளவுகள் சற்றே அசைகின்றன என்பது ஒரு விளக்கம். செகாமாட்டில் முதலில் வந்ததே பெரியது. அதனால் அதை மணியடி என்று சொல்வேனே தவிர, கடுகு என்று சொல்ல மாட்டேன். சபாவின் கதை வேறு. 2015 ஜூன் 5-இல் ரானாவ் 6.0 புள்ளி நடுக்கத்தில் கினபாலு மலையில் 18 உயிர் போனது. அங்கே கட்டட விதிகளைப் பற்றித் தனியாகப் பேச வேண்டும்.

எங்கள் சுங்கை பினாங் அம்மா ஒருவர் கடைசியில் எழுந்தார். "சார், எங்களுக்கு ஆத்துத் தண்ணிதான் பயம். 2017 நவம்பர்லே வீட்டுக்குள்ளே இடுப்பு வரைக்கும் வந்துச்சு. இந்த நிலநடுக்கம் வந்தா நாங்க என்ன செய்யிறது? மேலே ஏறுறதா, கீழே இறங்குறதா?"

அரங்கில் சிரித்தார்கள். சிரிப்பதற்கு அதில் ஒன்றுமில்லை. 2012 ஏப்ரல் 11 மாலை சுமத்திராவுக்கு மேற்கே 8.6 புள்ளியும், இரண்டு மணி நேரத்தில் 8.2 புள்ளியும் வந்தபோது இதே குழப்பம்தான். கட்டடம் ஆடுகிறது என்று கீழே இறங்கியவர்கள், சுனாமி எச்சரிக்கை என்றதும் மேலே ஏறப் பார்த்தார்கள். அன்று பெரிய அலை எழவில்லை. அந்த நடுக்கத்தில் கடலடி பக்கவாட்டில் உரசியது, மேலே தூக்கவில்லை. எச்சரிக்கை சில மணி நேரத்தில் மீட்டுக்கொள்ளப்பட்டது.

அந்த அம்மாவுக்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஆடும்போது ஓட வேண்டாம். மின்தூக்கியில் ஏற வேண்டாம். கண்ணாடி, அலமாரிப் பக்கம் நிற்காமல் மேசைக்கு அடியில் இருங்கள். நின்ற பிறகு படிக்கட்டில் இறங்கி, கட்டடத்தைவிட்டுத் தள்ளி நில்லுங்கள். சுமத்திராவில் வந்தால் அலைக்கு நேரம் இருக்கிறது. 2004-இல் நான்கு மணி நேரம் இருந்தது. அன்று இல்லாத எச்சரிக்கை நிலையம் இப்போது நம் வானிலை இலாகாவிடம் இருக்கிறது. ஆற்றுமுகத்துக்குப் போய் வேடிக்கை பார்க்க வேண்டாம். சுனாமி ஆற்று வழியாகவும் உள்ளே ஏறும். கடலையும் ஆற்றையும் விட்டு உள்ளே போங்கள். போக வழியில்லை என்றால் உறுதியான கட்டடத்தில் மூன்றாவது மாடிக்கு மேலே ஏறி இருங்கள்.

"நான் இருக்கிறதே பதினோராவது மாடி" என்றார் அந்த அம்மா. "அப்போ நிலநடுக்கத்துக்கு மட்டும் இறங்கினா போதும், இல்லீங்களா சார்?"

"ஆமாம்மா," என்றேன், "கட்டடத்தைப் பார்த்துட்டு நல்லா இருக்குன்னு அதிகாரிகள் சொன்ன பிறகு மேலே போங்க."